ரெமி மாஸ்டருக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

அந்தப் பேர மட்டும் என் காதுல போடாதிய சார். காலேஜ் கிரவுண்டு எங்க இருக்குன்னு கேளுங்க, சொல்லுதேன். எந்த ஸ்டாப்புல இறங்கணும்னு கேளுங்க, கையப் புடிச்சு இறக்கி விடுதேன். ஆனா "ரெமி மாஸ்டர் கோச்சா இருக்க காலேஜு"ன்னு சொல்லாதிய. அந்தக் காலேஜுக்கு வேற அடையாளமே இல்லையா? அம்பலவாணர் காலேஜு, தென்கரைக்குறிச்சி, வாசல்ல பெரிய ஆர்ச் இருக்கு. இது போதாதா?

கோவமா? எனக்கா? நான் ஏன் சார் கோவப்படணும்? கோவப்படுததுக்கு அவன் யாரு எனக்கு?

சன்னல் ஓரமா நல்லா நவுந்து உக்காருங்க. இந்தப் பை கொஞ்சம் இடிக்கும், மடியில வச்சுக்கிடுதேன். போய்ச்சேர ஒண்ணேகால் மணி நேரம் ஆவும். இந்த டிரைவர் ஓட்டுத லட்சணத்துக்கு ஒண்ணரைன்னு வச்சுக்கிடுங்க. ஏய் கண்டக்டரே, அந்தப் பாட்டக் கொற! மனுசன் பேசுதது மனுசனுக்குக் கேக்க வேண்டாமா?

என்னயத் தெரியலையா உங்களுக்கு? அப்பம் நீங்க இந்தக் கடக்கர ஆளு இல்ல. கல்லாந்துறை மைக்செட் இஞ்ஞாசி சார். இருவத்திரெண்டு வருசமா எங்க ஊரு சந்தியாகப்பர் திருவிழா புட்பால் டோர்னமெண்டுக்கு நான்தான் மைக்கு. கல்யாணம், சடங்கு, எலக்சன், எளவு எல்லாத்துக்கும் நான்தான். ஊர்ல யாரு செத்தாலும் ஆட்டோவுல ஸ்பீக்கர் குழாயக் கட்டிட்டு நான் தெருத்தெருவா சொல்லிட்டுப் போணும். நான் சொன்னாத்தான் அந்த ஆளு செத்ததாக் கணக்கு. டாக்டர் சொன்னாக்கூட "இஞ்ஞாசி இன்னும் சொல்லலையே"ம்பாவ. பெருமைக்குச் சொல்லல. பின்னால வாரதுக்கு இது வேணும், அதான்.

இன்னைக்கு மேட்ச் யாருக்கும் யாருக்கும்னு தெரியும்லா? எங்க சந்தியாகப்பர் கிளப்புக்கும் அந்தக் காலேஜுக்கும். போன ஆடி வரைக்கும் எங்க கிளப்புக்கு கோச்சா இருந்த ரெமிஜியுஸ் இன்னைக்கு எதுத்தாப்புல நிக்கப் போறான். பத்தொம்பது வருசம் சார்! துறைமுகத்துல வேல பாத்தவன், ஸ்டேட்டுக்கு ஆடுனவன், கால் முட்டு போனப்பொறவு ஊருக்கு வந்து எங்க பயலுவளப் புடிச்சான். கடல் தண்ணி வத்துன நேரம் பாத்து ஈரமணல்ல ஓட விடுவான். வலையில கட்டுத மிதவைய வரிசையா நட்டு வச்சு அதுக்கு ஊடால பந்தக் கொண்டு போகச் சொல்லுவான். ஒரு மிதவ சாஞ்சாலும் திரும்ப முதல்லேருந்து. அவன்ட்டப் படிச்சவனுவ போலீஸ் டீம்ல இருக்கானுவ, ரயில்வேல இருக்கானுவ, பட்டாளத்துல இருக்கானுவ. பேப்பர்ல அவன் படத்தப் பெருசாப் போட்டு எழுதுனானுவ. எங்க ஊர்ல ஆயர் வந்தாக்கூட அவ்வளவு கூட்டம் வராது, இவன் பயலுவளக் கூட்டிட்டு கப்போட வந்தா வரும். எல்லாம் சரிதான். யாரு இல்லைன்னா?

ஆனா போயும் போயும் அந்தக் காலேஜுக்கா சார் போவான்? எட்டு வருசம் முன்னால ஒரு பைனல் முடிஞ்சு எங்க பயலுவ கை குடுக்கப் போறானுவ. அவனுவ வரிசையா நின்னுக்கிட்டு மூக்கப் பொத்துனானுவ. மீன் வாடையாம்! அன்னைக்கு இந்த ரெமி ஒரு வார்த்த பேசல. பயலுவளத் திருப்பிக் கூட்டிட்டு வந்து கடல்ல குளிக்கச் சொன்னான், அம்புட்டுதான். நான்தான் மைக்ல அவனுவ ஏழு தலமொறையக் கிழிச்சேன். அந்தக் காலேஜுக்குத்தான் இப்பம் இவரு கோச்சு.

சேதி ஊருக்கு வந்த அன்னைக்கு வலை பின்னுத செட்டுல நடந்த சண்ட இருக்கே, அத நீங்க பாத்திருக்கணும். வேல ஒருத்தனும் பாக்கல. ஐஸ் பிளாண்டு தொம்மை இருக்கான்லா, என் வயசுக்காரன், எதுக்கெடுத்தாலும் எனக்கு எதுருவாதம் பேசணும் அவனுக்கு. "ஏம்வே, வாத்தியாரு பள்ளிக்கூடம் மாறுனா கத்துவீரா? சாமியாரே அஞ்சு வருசத்துக்கு ஒருக்க மாறுதாரே"ன்னான்.

"சாமியார ஆயர் மாத்துதாரு. இவன யாரு மாத்துனா?"ன்னு கேட்டேன்.

"மனுசனுக்கு வயசாவுது. அங்கன புல்லு கிரவுண்டு இருக்கு, முட்டுக்கு நல்லது."

"பத்தொம்பது வருசம் மணல்ல நோகாத முட்டு இப்பம் நோவுதோ?"

ஒருத்தன் சொல்லுதான், பொண்டாட்டி குவார்ட்டர்ஸ் கேட்டிருப்பான்னு. இன்னொருத்தன், சம்பளம்தான் காரணம்னு. ஒரு கோட்டிப்பய சொல்லுதான், மாஸ்டர் உள்ள புகுந்து அந்த டீமக் கெடுத்துப்போட்டு ஆனியில திரும்பி வந்துருவாராம், எல்லாம் திட்டமாம். அவனையும் நாலு பேரு நம்புனானுவ! மாஸ்டர் பக்கம் பாதி, எதுத்துப் பாதி. சட்டையப் புடிக்காத கொறதான். எங்க வாட்ஸப் குரூப்பு இருக்கு, சந்தியாகப்பர் சிங்கங்கள்னு, நான்தான் அட்மின். "மாஸ்டர் எங்கிருந்தாலும் வாழ்க"ன்னு போட்டவனுவள ஒவ்வொருத்தனாத் தூக்குனேன். நாப்பத்தோரு பேரு. தொம்மைய மொத ஆளாத் தூக்குனேன்.

கடைசியா அந்தத் தொம்மை என்ன கேட்டான் தெரியுமா? "அவரு ஏன் போனாருன்னு நெசமாவே உமக்குத் தெரியாதா இஞ்ஞாசி?"

எனக்கு எப்படித் தெரியும்? சொல்லும்வேன்னேன். அவன் துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டு எந்திரிச்சுட்டான். சுத்தி இருந்த பயலுவளப் பாத்தேன். அம்புட்டுப் பேரும் குனிஞ்சு வலையப் பாத்துக்கிட்டானுவ. பதில் தெரியாதவனுவ அப்படித்தான் குனிவானுவ.

அதுக்கு ரெண்டு வாரம் முன்னால நடந்தத வேணா சொல்லுதேன். அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, சும்மா பேச்சுக்குச் சொல்லுதேன். திருவிழா பைனல். நாங்களும் அந்தக் காலேஜும். கோல் ஒண்ணும் விழல, முடிய ரெண்டு நிமிசந்தான் கெடக்கு. அவனுவள்ல ஒருத்தன் தூரத்துலேருந்து ஒரு பந்து அடிச்சான். பந்தா அது? சின்னப்புள்ள உருட்டி விட்டது மாதிரி வருது. போஸ்ட்டுல நின்ன எங்க கோலி குனிஞ்சான், கைய நீட்டுனான், ரெண்டு கைக்கு ஊடால பந்து வழுக்கி உள்ள போயிட்டு.

கோலி யாருங்கிய? என் மவன். டெல்வின். ஒத்த மவன்.

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க. ஊரு பூரா நிக்கி. நாலு குழா கட்டியிருக்கேன், கடல்ல நிக்க வள்ளத்துக்குக் கூட கேக்கும். "ஆண்டவர் கைய எதுக்குல குடுத்தாரு? சோறு திங்க மட்டுமா?"ன்னு கேட்டேன். மைக்லதான். கூட்டம் சிரிச்சிச்சு. சிரிக்கவும் நான், "ரசிகப் பெருமக்களே, இன்னைக்கு நம்ம டீமுக்கு எதிரி அம்பலவாணர் காலேஜ் இல்ல, எங்க வீட்டுச் சோத்தத் தின்னுட்டு வந்து நிக்குதானே, அவந்தான்"னேன். இன்னும் சிரிச்சிச்சு. ஒரு மைக்குக்காரனுக்கு வேற என்ன வேணும் சார்? மிச்சம் இருந்த நேரத்துல பந்து அவன் பக்கம் போவும்போதெல்லாம் ஒண்ணு சொன்னேன். "கை கழுவிட்டியா மக்கா?"ன்னேன். "பந்து சுடுதா, துண்டு தரட்டா?"ன்னேன். பெத்த அப்பன் நான், எனக்கு உரிம இல்லையா? அடுத்தவன் புள்ளயச் சொன்னா நீங்க கேக்கலாம்.

விசில் ஊதுனதும் ரெமி நேரா மேடைக்கு வந்தான். தோத்த டீம்ட்ட போவல. கப்பு குடுக்க வந்த சாமியார்ட்ட போவல. நேரா எங்கிட்ட வந்து, குனிஞ்சு, ஆம்ப்ளிஃபயர்லேருந்து வயரப் புடுங்கிட்டான்! "பேசுனது போதும்"னான். இருவத்திரெண்டு வருசத்துல என் வயர்ல கை வச்ச ஒரே ஆளு அவந்தான். தொண்டச் சங்குல மிதிச்ச மாதிரி இருந்துச்சு எனக்கு. இதுக்கு நான்தான அவங்கிட்டக் கோவப்படணும்? அவன் எதுக்கு ஊர விட்டுப் போணும்?

இத நான் அத்தன பேர்ட்டயும் கேட்டாச்சு.

டெல்வினா? அவன் ஒரு ரோசக்காரன். அவுக அம்ம வழி. அன்னையிலேருந்து கிளவ்ஸ எடுக்கல. பரணுல தூக்கிப் போட்டுட்டான். மாமன்காரன் வள்ளத்துல கடலுக்குப் போக ஆரம்பிச்சான். நான் வீட்டுக்குள்ள வந்தா அவன் எந்திரிச்சு வெளிய போவான். நான் வெளிய போனா உள்ள வருவான். ஒரு வார்த்த கெடையாது. நானும் பேசல. பந்தக் கோட்ட விட்டது அவன், நான் ஏன் மொதல்ல பேசணும்? எம் பொண்டாட்டி லீமா ரெண்டு பேருக்கும் தனித்தனியா சோறு போட்டா.

ரெமி போயி ஒரு பத்து நாளு ஆயிருக்கும். கடைக்குப் போயிட்டு வீட்டுக்கு வாரேன், பரணு காலியாக் கெடக்கு. கிளவ்ஸு இல்ல. கொடியில சட்ட இல்ல. மவன் எங்கட்டீன்னு கேட்டேன். லீமா மீன அறுத்துக்கிட்டே, தல நிமுராம, "காலேஜுல சேந்துட்டான். மாஸ்டர் வந்து கூட்டிட்டுப் போனாவ. ஆஸ்டல்ல இருப்பான்"ங்கா.

எந்தக் காலேஜு? அந்தக் காலேஜு! மூக்கப் பொத்துன காலேஜு! என்னக் கேக்காம, எங்கிட்டச் சொல்லாம, நான் இல்லாத நேரம் பாத்து என் வீட்டுக்குள்ள வந்து என் மவனக் கூட்டிட்டுப் போயிருக்கான். இப்பம் சொல்லுங்க, கோவம் வருமா வராதா? கோவப்படலைன்னா அவன் மனுசனா? மொதல்ல கோவம் இல்லன்னு சொன்னேன்லா, அது சும்மா சொன்னது. பத்திக்கிட்டு எரியுது சார் எனக்கு. இப்பவும் எரியுது.

அன்னைக்கே டவுனுக்கு ஃபிளக்ஸ் கடைக்குப் போன் போட்டேன். பத்துக்கு எட்டு. மேல "கண்ணீர் அஞ்சலி". நடுவுல ரெமி படம், மாலையோட. கீழ "தோற்றம்: சந்தியாகப்பர் கிளப். மறைவு: அம்பலவாணர் காலேஜ். துரோகத்தால் வாடும் சந்தியாகப்பர் சிங்கங்கள்." பெரிய ரோட்டுல எங்க ஊருக்குத் திரும்புத முக்குல கட்டுனோம். பஸ்ஸுல போறவனெல்லாம் பாக்கட்டும்னு.

அதோட விட்டிருக்கலாம். கூட இருந்த பயலுவ ஏத்தி விட்டானுவ. "அண்ணே, உங்க வாயால சொன்னாத்தாண்ணே எடுப்பா இருக்கும்"னானுவ. குழாய ஆட்டோவுல கட்டுனேன். எளவுக்குச் சொல்லுத அதே குரல்ல, அதே ராகத்துல சொன்னேன். "ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறோம். சந்தியாகப்பர் கால்பந்துக் கழகத்தின் பயிற்சியாளர் ரெமிஜியுஸ் மாஸ்டர் அவர்கள் காலமானார். அன்னாரது நல்லடக்கம் நாளை ஞாயிறு காலை பதினொரு மணிக்குக் கிளப் மைதானத்தில் நடைபெறும்." ஊருக்குள்ள எல்லாத்துக்கும் வெவரம் தெரியும், கேலின்னு. அவன் கிளப்புல விட்டுட்டுப் போன பழைய விசில் ஒண்ணு கெடந்துச்சு. அத மீன் வைக்குத தெர்மாகோல் பெட்டியில வச்சு கோல் போஸ்ட்டுக்குப் பின்னால பொதைக்கதா ஏற்பாடு. எந்தப் பேதியில போவான் என் அறிவிப்ப செல்போன்ல புடிச்சு வெளியூருக்கு அனுப்புனான்னு இன்னைக்கு வரைக்கும் கண்டுபுடிக்க முடியல.

மறுநாள் பூச முடிஞ்சு கிரவுண்டுக்குப் போறோம். பத்து, பதினஞ்சு பேரு இருப்போம். நான் மைக்கோட நிக்கேன். பத்தரை மணிக்கு ஒரு கார் வந்து நின்னுச்சு. காயல்பட்டினம் ஹபீப் இறங்குதான். ரெமிட்டப் படிச்சவன், போலீஸ் டீம்ல ஃபார்வர்டு ஆடுனவன், இப்பம் எஸ்.ஐ. ஆறடி ஆளு சார், கையில ரோஜா மாலைய வச்சுக்கிட்டுக் கொழந்த மாதிரி அழுதான். "எங்கண்ணே வச்சிருக்கிய?"ங்கான். நான் வெவரஞ் சொல்ல வாயெடுக்கதுக்குள்ள அவன் பின்னாலயே ஒரு வேன். ரயில்வேக்காரனுவ. பொறவு ரெண்டு பைக்கு. லீவுல வந்திருந்த பட்டாளத்தான் ஒருத்தன், யூனிபாரத்தோட. உள்நாட்டு ஊர்லேருந்து ஒரு பொம்பள, பையன் ரயில்வேயில இருக்கானாம், "என் மவனுக்கு லீவு கெடைக்கல, அதான் நான் வந்தேன்"னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதா. பதினோரு மணிக்குள்ள கிரவுண்டு நெறஞ்சிட்டு. அம்புட்டுப் பேரும் அந்த மீன் பெட்டியப் பாக்காவ, என்னயப் பாக்காவ.

போன் பண்ணிக் கேக்க மாட்டானுவளா, கூறு கெட்டவனுவ? பண்ணியிருக்கானுவ. ரெமி பிராக்டீஸ் முடியுத வரைக்கும் போன ஆஃப் பண்ணிப் பெட்டியில வச்சிருவான், அது அவன் பழக்கம். போனும் எடுக்கல, என் குரலும் சொல்லியாச்சு. பின்ன நம்பாம என்ன செய்வானுவ?

ஹபீப் என் தோளப் புடிச்சுக்கிட்டான். "அண்ணே, போன மாசங்கூட எங்கிட்டப் பேசுனாவண்ணே. காலேஜுல கூப்புடுதாவ, போறேன்னாவ. ஏன் மாஸ்டர், கல்லாந்துறைய விட்டு உங்களால இருக்க முடியுமான்னேன். அதுக்கு அவுக, ஒரு பையன் இருக்கான் ஹபீப், அருமையான கோலி, கை நல்ல கை. ஆனா பந்து வரும்போதெல்லாம் அவனுக்குக் காதுல ஒரு சத்தம் கேக்குது. இந்த ஊர்ல இருந்தா அது நிக்காது. சத்தம் எட்டாத தூரத்துக்கு அவனக் கூட்டிட்டுப் போணும். அவனுக்கு ஒரு சீட்டுத் தந்தா நான் வாரேன்னு காலேஜுல சொல்லிட்டேன்னாவ. தனக்குன்னு ஒண்ணும் கேக்கலண்ணே. யாருண்ணே அந்தப் பையன்? இங்கன இருக்கானா? அவனுக்குத் தெரியுமா மாஸ்டர் போனது?"

இதுல என்ன கூத்துன்னா, என் கையில இருந்த மைக்கு ஆன்லயே இருந்திருக்கு. அவன் பேசுனது பூரா நாலு குழாயிலயும் போயிட்டு. கோயில்ல கேட்டிருக்கு, கடக்கரையில கேட்டிருக்கு, வீட்ல லீமாவுக்குக் கேட்டிருக்கு.

எனக்கு என்னடான்னா, டெல்வினுக்குக் காதுல ஏதோ கோளாறுன்னு ஒரே பதட்டமாயிட்டு. பந்து பட்டிருக்கும்லா? கடல் தண்ணி ஏறியிருக்கும்லா? இத ஏன் எங்கிட்டச் சொல்லலன்னு வீட்டுக்கு ஓடுனேன். "ஏட்டி, புள்ளைக்குக் காது சரியில்லையாமே, டவுன்ல காது டாக்டர்ட்டக் காட்டலாமா?"ன்னேன். லீமா என்னைய ஒரு பார்வ பாத்தா. இருவது வருசத்துல அப்படிப் பாத்ததில்ல. பொறவு அடுப்படிக்குள்ள போயிட்டா.

திரும்பி கிரவுண்டுக்கு வாரேன், யாரு சொல்லிக் கேள்விப்பட்டானோ, பஸ்ஸ விட்டு இறங்கி ரெமி நடந்து வாரான். காலேஜ் டீ சர்ட்டப் போட்டுக்கிட்டு, அந்த நொண்டி நடையோட. முக்குல ஃபிளக்ஸ நின்னு பாத்துட்டுத்தான் வந்திருக்கான். கூட்டம் போட்ட சத்தம் இருக்கே! ஹபீப் மாலையோட ஓடிப்போயி அவன் கால்லயே விழுந்துட்டான். பட்டாளத்தான் சிரிக்கான், அழுதான். அந்தப் பொம்பள ரெமி கன்னத்தத் தடவித் தடவிப் பாக்கா. பொறவு எல்லாருமா சேந்து என் பக்கம் திரும்புனாவ. ஹபீப் சட்டக் கைய மடக்குனான். போலீஸ்காரன் கை சார்.

ரெமிதான் தடுத்தான். அது ஒண்ணு மட்டும் ஒத்துக்கிடுதேன். நேரா பெட்டிகிட்டப் போயி மூடியத் தொறந்தான். விசில எடுத்துச் சட்டையில தொடச்சான். "இதத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்"னு கழுத்துல மாட்டுனான். மாலைய ஹபீப் கையிலேருந்து வாங்கி கோல் போஸ்ட்டுல போட்டான். அப்புறம் எங்கிட்ட வந்து பைய, எனக்கு மட்டும் கேக்குத மாதிரி, "மைக்க ஆஃப் பண்ணு இஞ்ஞாசி"ன்னான்.

பண்ணுனேன்.

"அடுத்த மாசம் மூணாவது சனிக்கெழம நம்ம கிளப்போட மேட்ச் இருக்கு. டெல்வின் நிக்கான். நீ வரணும்"னான்.

"மைக்குக்கா?"ன்னேன்.

"மைக் இல்லாம."

"மைக் இல்லாம நான் எதுக்குவே அங்க?"

"அப்படி ஒருக்க உன்னய அவன் பாக்கணும்"னான். சொல்லிட்டு அவன் பாட்டுக்குப் போயிட்டான். சவத்துப்பய! என்ன திமிரு பாத்தியளா? செத்துப்போனவன்னு நான் அறிவிச்ச ஆளு, எங்கிட்ட வந்து வாய மூடுன்னு சொல்லுதான்.

வரவே கூடாதுன்னுதான் சார் இருந்தேன். நேத்து வரைக்கும். நேத்து தொம்மை வீட்டுக்கு வந்தான். குரூப்லேருந்து தூக்குனப்பொறவு அவன் எங்கிட்டப் பேசல. வந்து செல்போன நீட்டுனான். திருவிழா பைனல், அவன் மவ எடுத்த வீடியோ. கோல் போஸ்ட்டுக்குப் பின்னால நின்னு எடுத்திருக்கா. "நீரு சத்தத்தக் கேக்க வேண்டாம், படத்த மட்டும் பாரும்"னு சத்தத்தக் கொறச்சு வச்சுட்டான்.

நான் மைக் பேசுத மேட்ச ஒருநாளும் வீடியோவுல பாத்ததில்ல. எனக்கு எதுக்கு அது? நான்தான் நேர்ல இருக்கேன்லா. பாத்தேன். அந்தப் பந்து போனப்பொறவு உள்ள ரெண்டு நிமிசம். பந்து வருது. டெல்வின் பந்தப் பாக்கல சார். குழாயப் பாத்தான். பொறவுதான் பந்தப் பாத்தான். அடுத்த பந்து வருது. மொதல்ல கழுத்தத் திருப்பிக் குழாயப் பாக்கான், பொறவு பந்து. ஒவ்வொரு தடவையும். இது அந்தக் கோலுக்குப் பொறவுதானன்னு தொம்மைட்டச் சொன்னேன். அவன் வீடியோவப் பின்னுக்கு இழுத்தான். கோல் போன பந்து. அதுக்கு முன்னாலயும் குழாயத்தான் பாத்தான். நான் அப்பம் என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்னு எனக்கு ஞாபகமே இல்ல. "பாப்போம், நம்ம வீட்டுப் புள்ள புடிக்கானா"ன்னு ஏதோ சொல்லியிருப்பேன். சும்மா கலகலப்புக்குச் சொல்லுததுதான.

நான் அவன அஞ்சு வயசுலேருந்து மேட்ச்சுக்குக் கூட்டிட்டுப் போறேன் சார். எல்லா மேட்ச்சுலயும் மைக்கு நான்தான்.

இல்ல, அதுக்காக ரெமி செஞ்சது சரின்னு ஆயிராது. கேக்காமக் கூட்டிட்டுப் போனது தப்புத்தான். அந்தக் காலேஜும் தப்புத்தான். அவன மன்னிக்க எனக்கு மனசு வரல, வரவும் வராது. எனக்கு முன்னாலயே அவன் எப்படிப் பாத்தான் அத? என் புள்ள அவன். நான்ல பாத்திருக்கணும்.

எந்தப் பக்கம் கத்துவேன்னா கேக்கிய? ஒரு பக்கம் என் கிளப்பு, ஒரு பக்கம் என் மவன். எந்தப் பக்கமும் கத்தப் போறதில்ல. வாயவே தொறக்கப் போறதில்ல. தொண்ணூறு நிமிசம். நான் முழிச்சிருக்கும்போது அவ்வளவு நேரம் பேசாம இருந்ததே கெடையாது சார். அதான் ஏறுனதுலேருந்து உங்ககிட்டப் பேசித் தீத்துக்கிட்டு வாரேன். நீங்களும் பாவம், சன்னலப் பாக்கக்கூட விடல உங்கள.

அந்தா, ஆர்ச் தெரியுது பாருங்க. கண்டக்டரே, ஆளு இறங்கணும்! நிப்பாட்டும்!

இருங்க சார், ஒரு நிமிசம். இந்தப் பையில என்ன இருக்குன்னு நீங்க கேக்கல, நானும் சொல்லல. பேட்டரியில பேசுத கை மைக்கு. கொண்டு வரக்கூடாதுன்னுதான் வாசல் வரைக்கும் வந்தேன். வெறுங்கையோட நடக்க ஒரு மாதிரி இருந்துச்சு, திரும்பிப் போயி எடுத்துட்டு வந்துட்டேன். இதப் புடிங்க, இந்த மூடியத் தொறக்கேன். ஒண்ணு, ரெண்டு... ஆறு. இந்தாங்க. இந்த ஆறு பேட்டரியும் உங்க பையில போட்டுக்கிடுங்க. மேட்ச் முடிஞ்சு தந்தாப் போதும். எம் பக்கத்துலயே உக்காருங்க. நடுவுல நான் என்ன சொல்லிக் கேட்டாலும், கையப் புடிச்சுக் கெஞ்சுனாலும், குடுத்துராதிய. எந்திரிச்சா சட்டையப் புடிச்சு இழுத்து உக்கார வையுங்க.

அவன் திரும்பிப் பாக்கும்போது நான் சும்மா இருக்கணும் சார்.